கால் ஊன்றாத ஏற்றம்

ஜன்னல் திரை தைக்கும் அக்காவுக்கு ஒரு தையல் தவறினாலும் பொறுக்காது. முழு வரிசையையும் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். சைக்கிளிலும் அதே பிடிவாதம். ஞாயிறுதோறும் கால்வாய்க் கரை மண்பாதையில் காற்றாய்ப் பறப்பாள். மலை ஏறத் தொடங்கியதும்தான் வம்பு. பாறை மறைக்கும் வளைவில் சரளைக்கல் சறுக்கிவிடும், கால் தரையில் ஊன்றிவிடும். ஊன்றினால் அவள் கணக்கில் அந்த ஏற்றம் செல்லாது; மறுபடி அடிவாரத்திலிருந்துதான். கோடை முழுக்க இதே கதை.

இன்று உச்சியில் சாப்பாட்டு டப்பாவோடு காத்திருந்த கணவர், பாறைக்குப் பின்னாலிருந்து அவள் மிதித்துக்கொண்டே வெளிப்பட்டதைப் பார்த்துத் துள்ளிக் குதித்தார்.

"ஏறிட்டியேம்மா! வா, வந்து சாப்பிடு."

அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சைக்கிளைத் திருப்பினாள். "வளைவுல கால் பட்டுடுச்சு."

"யாரு பாத்தா? நானே பாக்கலையே!"

"கால் என்னுதுங்க. எனக்குத் தெரியாதா?"

சரளைக்கல் நறநறக்கச் சக்கரங்கள் கீழே இறங்கின. திறந்த டப்பாவை அவர் மறுபடி மூடினார்.

"ஆறிப்போறதுக்குள்ள வந்துடு!" என்று கத்தினார்.