புது ஆபீசரும் எதிர்வீட்டு ஜன்னலும்

இந்த மாதம் ஒன்றாம் தேதி காலை, எங்கள் தெரு அப்படியே நின்றுபோனது.

விபத்து இல்லை. ஊர்வலம் இல்லை. எந்தப் பெரிய மனிதரும் வரவில்லை. தெருவின் இரண்டு பக்கமும் வண்டிகள், நடுவில் ஓர் ஆட்டோ. அதனால் முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் எடுக்க முடியவில்லை. அதற்குப் பின்னால் தண்ணீர் கேன் வண்டி. அதற்கும் பின்னால் ஒரு பள்ளிக்கூட வேன்... ஹார்ன் சத்தத்துக்கு வாசலுக்கு ஓடியதில் என் காபி ஆறிப்போனதுதான் மிச்சம்.

ஏன் இப்படி ஆனது? அதற்கு முந்தின நாள் முப்பத்தொன்றாம் தேதி. அவ்வளவுதான் காரணம்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் டவுனில் சில தெருக்களில் வண்டி நிறுத்த ஒரு முறை உண்டு. ஒற்றைப்படைத் தேதி என்றால் தெருவின் ஒரு பக்கம். இரட்டைப்படைத் தேதி என்றால் மறுபக்கம். உப்பளம் போகும் வழியில் இருக்கிற எங்கள் தெருவில் ஒற்றை எங்கள் பக்கம், இரட்டை எதிர்ப் பக்கம். இது பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன பழக்கம் என்பார்கள் சிலர். யார் கண்டது? மற்ற ஊர்க்காரர்கள் காலண்டரில் ராகு காலம் பார்ப்பார்கள். நாங்கள் தேதியைப் பார்த்துவிட்டு, வண்டியை எதிர்ப் பக்கம் தள்ளிக்கொண்டு போவோம்.

வம்பு எங்கே வருகிறது என்றால், முப்பத்தொன்றும் ஒற்றை, மறுநாள் ஒன்றும் ஒற்றை. அன்றைக்கு மட்டும் வண்டியை மாற்றக் கூடாது. கை சும்மா இருந்தால்தானே? பாதிப் பேர் பழக்க தோஷத்தில் தள்ளிக்கொண்டு போய் எதிரே நிறுத்திவிடுவார்கள். மீதிப் பேர் விவரமாக விட்ட இடத்திலேயே விட்டுவிடுவார்கள். அப்புறம் இரண்டு பக்கமும் அடைத்துக்கொள்ளாமல் என்ன செய்யும்?

நடுவில் மாட்டிக்கொண்டது ரொசாலி அக்கா கூப்பிட்ட ஆட்டோ.

ரொசாலி அக்கா எங்கள் எதிர் வீடு. அவர் கணவர் லூர்துசாமி அண்ணன், டவுன் பஸ் ஓட்டியவர். இந்த ஊரின் அத்தனை சந்து பொந்திலும் வளைத்து வளைத்து பஸ் விட்ட மனிதர். ரிட்டயர் ஆன கொஞ்ச நாளிலேயே பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு — மூன்றும் முக்கால்வாசி போய்விட்டன. இப்போது வாசலை ஒட்டின ஜன்னலோரம் ஒரு நாற்காலி, அதில் அவர். இரட்டைத் தேதிகளில் என் ஸ்கூட்டர் அந்த ஜன்னலுக்குக் கீழேதான் நிற்கும். நிறுத்தும்போது சின்னதாக ஒரு ஹார்ன் அடிப்பேன். அவர் இடது கையைத் தூக்குவார். "என்னாண்ணே, சாப்டாச்சா?" என்பேன். தலையாட்டுவார். நான் தெருவைத் தாண்டி என் வீட்டுக்கு வந்துவிடுவேன்.

முதலியார்பேட்டையில் ஒரு கிளினிக்கில் அவருக்கு பிசியோதெரபி. ஆட்டோ வாசற்படியை ஒட்டி வந்து நின்றால்தான் அவரை ஏற்ற முடியும். நாலடி தள்ளி நின்றாலும் ஆகாது. தூக்கிக்கொண்டு நடக்க அக்காவுக்குத் தெம்பு இல்லை. இரட்டைத் தேதிகளில் அந்த வாசலை மறித்து பைக்குகள் சுவர் மாதிரி நிற்கும். அதனால் அக்கா ஒற்றைத் தேதியில் மட்டும்தான் அப்பாயின்ட்மென்ட் வாங்குவார். முப்பத்தொன்றும் ஒன்றும் சேர்ந்து வந்தால் அவருக்குப் பண்டிகை. இரண்டு நாள் தொடர்ந்து வாசல் காலி, இரண்டு நாள் தொடர்ந்து பயிற்சி! அந்த ஒன்றாம் தேதிதான் இப்படிப் பாழாய்ப் போனது. ஆட்டோ கிளம்ப வழி பிறந்தபோது கிளினிக் நேரம் முடிந்திருந்தது.

அக்கா நேராக என் வீட்டுக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது.

"பேப்பர்ல எழுதி எழுதி ஒரு ஆபீசரக் கொண்டாந்தியே... எங்க அந்த ஆபீசரு?"

வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு இது பழைய கதை. சிக்னல் எரியவில்லை என்றால் ஒரு ஆபீஸ் இன்னொரு ஆபீஸைக் கை காட்டும். அங்கே போனால் அவர்கள் மூன்றாவது ஆபீஸைக் காட்டுவார்கள். ரோடு ஒருவருடையது, அதன் மேல் அடித்த வெள்ளைக் கோடு இன்னொருவருடையது. "ஐயா, நகரத்தின் போக்குவரத்துக்கென்று ஒரே ஓர் ஆளைப் போடுங்கள், பதில் சொல்ல!" என்று எத்தனை முறை எழுதியிருப்பேன்! கடைசியில் போட்டுவிட்டார்கள். நகராட்சியில் புதுப் பதவி. போக்குவரத்து மேலாண்மை அலுவலர். என் பத்தியைப் படித்துத்தான் போட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. ரொசாலி அக்கா அப்படி நம்புகிறார். நான் மறுக்கவும் இல்லை.

என் வீட்டுக்காரர் மட்டும் அசரவில்லை. "இன்னொரு நாற்காலி, இன்னொரு ஜீப்பு. அந்த ஜீப்ப நிறுத்தறதுக்கும் நம்ம தெருதான் கெடைக்கும் பாரு" என்றார்.

போன் செய்தேன். எதிர்முனையில் ஒரு பெண் குரல். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "நாளைக்குக் காலைல வரேம்மா" என்றது. இந்த ஊரில் எத்தனை 'நாளைக்கு'களைப் பார்த்தாயிற்று!

மறுநாள் காலை பால் பாக்கெட் எடுக்க வெளியே வருகிறேன். ஒரு பெண் தெருவில் குந்திக்கொண்டு டேப் வைத்து அளந்துகொண்டிருக்கிறார். முப்பத்தைந்து வயதிருக்கும். ஜீப் இல்லை, ஸ்கூட்டரில் வந்திருந்தார். அதை இரட்டைத் தேதிக்கு ஒழுங்காக எதிர்ப் பக்கத்தில் நிறுத்தியும் இருந்தார். பெயர் கவிதா. ஊர் கனகசெட்டிக்குளம். அவர்தான் ஆபீசர்.

கொஞ்ச நேரத்தில் தெருவே கூடிவிட்டது. எங்கள் தெருவில் குழாய் ரிப்பேருக்கே கூட்டம் கூடும். ஆபீசர் என்றால் கேட்க வேண்டுமா?

கவிதா அளந்து முடித்துவிட்டு ஒரு யோசனை சொன்னார். "இந்த ஒத்த ரெட்டையே வேணாம். எல்லா வண்டியும் நிரந்தரமா இந்தப் பக்கமே நிக்கட்டும். அந்தப் பக்கம் எப்பவும் காலி. மாத்தற வேலையும் இல்ல, ஒண்ணாந்தேதி கொழப்பமும் இல்ல."

இந்தப் பக்கம் என்று அவர் காட்டியது எங்கள் பக்கம்.

ஜெராக்ஸ் கடை முருகன் குதித்துவிட்டார். அவர் கடை எங்கள் வரிசையில். "என்னா மேடம், தெனைக்கும் என் கட வாசல்ல வண்டி நின்னா கஸ்டமர் எப்டி உள்ள வருவான்? பறந்து வருவானா? அந்தப் பக்கமே நிரந்தரமா நிறுத்துங்க!"

"அந்தப் பக்கம் நிறுத்தினா எங்க வீட்டுக்காரரு எப்டி வெளிய வருவாரு? அவருதான் பறந்து வரணும்!" என்று ரொசாலி அக்கா பாய்ந்தார்.

எனக்கு? உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் பிடிக்கவில்லை. வருஷம் முழுக்க என் கேட்டை மறைத்து ஊர் வண்டிகள் நிற்குமா? புதுப் பதவி கேட்டது நான், முதல் உத்தரவு என் வாசலுக்கா? வாய் வரை வந்துவிட்டது. எதிரே ஜன்னலில் லூர்துசாமி அண்ணன் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. வார்த்தையை விழுங்கிவிட்டு, "சரி, எங்க பக்கமே இருக்கட்டும்" என்றேன். வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

ரொசாலி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. முருகனும் முணுமுணுத்தபடி இறங்கி வந்தார். முடிந்தது என்று நினைத்தோம்.

கவிதா டேப்பைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்: "அவர்கிட்ட கேட்டீங்களா?"

"எவர்கிட்ட?"

"ஐயாகிட்டதான். அவருக்காகத்தானே இவ்ளோவும்."

"அவருக்குப் பேச்சு சரியா வராதும்மா" என்றேன் நான்.

"பரவால்ல, கேட்டுடலாம். எங்க மீனவ ஊர்ல, படக கரையில ஏத்தி வெக்கிறதுக்கே, எதிர்ல குடியிருக்கறவங்களக் கேட்டுட்டுத்தான் வெப்போம்." பைக்குகளுக்கு நடுவில் நுழைந்து ஜன்னலருகே போனார். "ஐயா, இனிமே வண்டிங்கள எல்லாம் எதிர்ப் பக்கமே போட்டுடறோம். உங்க பக்கம் ஒண்ணும் நிக்காது. சரிங்களா?"

லூர்துசாமி அண்ணன் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இடது கை மேலே வந்தது. இப்படியும் அப்படியும் அசைந்தது.

"வேணாம்."

ரொசாலி அக்காவுக்கு வந்ததே கோபம்! "என்னா வேணாம்? நான் யாருக்காக நாயா அலையறேன்? என்னா வேணாங்கற?"

அவர் வாய் கோணிக்கொண்டது. வார்த்தை தொண்டையில் நின்று நின்று வந்தது. நாங்கள் காத்திருந்தோம்.

"வண்டி வந்தா... ஆளு... வரும்." மூச்சு வாங்கிக்கொண்டார். "வண்டி இல்லாட்டி... ஆளு வராது."

 

எனக்குச் சுரீரென்றது. ஒற்றைத் தேதிகளில் வண்டிகள் எங்கள் பக்கம் நிற்கும். எல்லோரும் எங்கள் பக்கம் நின்று பேசிவிட்டுப் போவோம். அந்த ஜன்னலுக்குத் தெரிவது எங்கள் முதுகுதான். இரட்டைத் தேதியில்தான் ஆளாளுக்கு அங்கே வந்து ஹார்ன் அடித்து, "டிரைவரண்ணே!" என்று ஒரு குரல் கொடுத்து, வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை, பஸ் கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை... ரொசாலி அக்காவுக்குச் சுவராகத் தெரிந்த பைக்குகள் அவருக்கு விருந்தாளிகள். முப்பத்தொன்றும் ஒன்றும் அக்காவுக்குப் பண்டிகை. அவருக்கோ, ஒரு மனிதர்கூட எட்டிப் பார்க்காத இரண்டு நாட்கள்.

நான் சாப்டாச்சா என்று கேட்டுவிட்டுப் போகிறேனே, அது ஒரு ஆள் வந்து பார்த்த கணக்கில் சேரும் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

"அப்ப வீட்டுக்குள்ள நான் ஒருத்தி இருக்கனே, நான் ஆளு இல்லியா?" என்றார் ரொசாலி அக்கா. குரலில் பாதி கோபம், பாதி அழுகை.

அண்ணன் பாதி வாயால் சிரித்தார். "நீ... வூடு" என்றார்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆமா, இதுக்கு மட்டும் வாய் வந்துடும்" என்றார். முருகன் முதலில் சிரித்தார். அப்புறம் தெருவே சிரித்தது.

கவிதா சிரித்து முடித்ததும் மறுபடி டேப்பைப் பிரித்தார். ஜன்னலை விட்டுவிட்டு, பக்கத்து வாசற்படியை மட்டும் அளந்தார். அந்த இடத்தில் நின்ற பைக்குகளை நகர்த்தச் சொல்லி, சாக்பீஸால் தரையில் ஒரு கட்டம் போட்டார். ஓர் ஆட்டோ வந்து நிற்கிற அகலம். "ஒத்தையோ ரெட்டையோ, இதுக்குள்ள மட்டும் யாரும் நிறுத்தக் கூடாது. ஜன்னலுக்குக் கீழ பழையபடி நிக்கட்டும்." ஒன்றாம் தேதிக் குழப்பத்துக்கு, 'இன்று மாற்ற வேண்டாம்' என்று தெருமுனையில் ஒரு போர்டு. முப்பத்தொன்று முடிந்து வருகிற ஒன்றாம் தேதிகளில் அதை மாட்டுகிற பொறுப்பு முருகனுக்கு. பதவி கிடைத்ததும் முருகனுக்கு எங்கள் பக்கம், எதிர்ப் பக்கம் எல்லாம் மறந்துவிட்டது!

நாலைந்து நாளில் சாக்பீஸ் கட்டத்தின் மேல் மஞ்சள் பெயின்ட் வந்தது. ரொசாலி அக்கா இப்போது இரட்டைத் தேதிகளிலும் கிளினிக்குக்கு நேரம் வாங்குகிறார். பயிற்சி முடிந்து சீக்கிரம் திரும்பிவிட வேண்டும் என்று அண்ணன் அவசரப்படுத்துகிறாராம். சாயந்திரம் ஆட்கள் வருவார்களே!

அரசாங்கத்திடம் நாம் பதவி கேட்கும்போது யாரை மனதில் வைத்துக் கேட்கிறோம்? பதில் சொல்கிற ஆளை. அதட்டுகிற ஆளை. நாம் திட்டுவதற்கு வசதியாக ஓர் ஆளை. நானும் அப்படித்தான் கேட்டேன். வந்ததோ, ஜன்னல் வரை போய்க் கேள்வி கேட்கிற ஆள். கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. ஆனால் வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குப் புகார் இல்லை. இந்தப் பதவி நிலைக்குமா, கவிதாவுக்கு ஜீப் வந்த பிறகும் ஜன்னல் வரை நடப்பாரா? தெரியாது. என் வீட்டுக்காரர் பொறுத்திருந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இதை எழுதுகிற இன்று இரட்டைத் தேதி. சற்றுமுன் ஸ்கூட்டரை அங்கே நிறுத்தப் போனேன். ஹார்ன் அடித்தேன். இப்போதெல்லாம் அவர் கையைத் தூக்குவதோடு விடுவதில்லை. கண்டக்டர் இல்லாத குறைக்குத் தானே ஜன்னலிலிருந்து ரிவர்ஸ் பார்க்கிறார். "வா... வா..." மஞ்சள் கோட்டைத் தொட ஒரு ஜாண் இருக்கும்போது உள்ளங்கையை விரித்து நிறுத்தினார். நானும் உடனே கிளம்பவில்லை. எந்த ரூட்டில் பஸ் ஓட்டுவது சிரமம் என்று கேட்டேன். பதில் வந்து முடிய நேரமாயிற்று. அதனால்தான் இந்த வாரப் பத்தி தாமதம்.

இதோ, இன்னும் நாலு வரி எழுதலாம் என்று பார்த்தால், எதிர் ஜன்னலில் அந்த இடது கை மேலே வருகிறது... "போதும்."