தாம்பூலம் வாங்கிய கவுன்சிலர் கமலாம்பாள்

கமலாம்பாளை நான் முதல் நாளிலிருந்தே நம்பவில்லை. யாரையும் முதல் நாளில் நம்பாததால்தான் நான் இந்த நிலைக்கு வந்தேன். மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. சூளையில் செங்கல் சுமந்தேன். பிறகு அந்தச் சூளையையே விலைக்கு வாங்கினேன். கோட்டுச்சேரிப் பக்கம் எழும்பியிருக்கும் மாடி வீடுகளில் பாதி என் கல். இளையபெருமாள் சூளைக் கல் என்றால் கொத்தனார் தட்டிப் பார்க்காமல் இறக்கிக்கொள்வார். பெருமைக்காகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் கடைசியாக உள்ளாட்சித் தேர்தல் நடந்து, கொம்யூன் பஞ்சாயத்துக் கவுன்சில் என்று ஒன்று உயிரோடு இருந்த காலம் அது. நான் ஒரு வார்டில் ஜெயித்தேன். பக்கத்து வார்டு பெண்களுக்கு ஒதுக்கியது. அதில் கமலாம்பாள் ஜெயித்தார். கணவர் சிவநாதன் பள்ளிக்கூடத்தில் கிளார்க். வீட்டு நிலம் முழுவதும் இந்த அம்மா பொறுப்பு. நடவுக்கு ஆள் பிடிப்பதிலிருந்து வியாபாரியோடு மல்லுக்கட்டி நெல்லை விற்பதுவரை அவர்தான். சேர்மன் திருஞானசம்பந்தமோ சிவநாதனுக்குச் சித்தப்பா முறை. சந்தேகப்பட இது போதாதா?

கூட்டத்துக்கு வந்தால் ஓரத்து நாற்காலியில் உட்காருவார். வடை வந்தால் சாப்பிடுவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். பேசாத ஆளிடம் எனக்கு எப்போதும் ஒரு எச்சரிக்கை உண்டு.

"சேர்மன் வீட்டுப் பொம்மை. சாவி குடுத்தா கை தூக்கும்" என்றேன், என் பக்கம் நிற்கும் கவுன்சிலர் வைத்தியலிங்கத்திடம்.

"பொம்மை நம்மளத்தாண்ணே உத்துப் பாத்துக்கிட்டு இருக்கு" என்றார் அவர். எதற்கும் சிரிக்கிற மனிதர்.

கவுன்சில் எப்படி நடக்கவேண்டும் என்று ஆரம்பக் கூட்டங்களில் விதி போட்டோம். யார் எப்போது பேசுவது, பாதிப் பேருக்கு மேல் இருந்தால்தான் தீர்மானம் செல்லும் என்பது, இப்படிச் சில. ஒப்பந்தம் கொடுப்பதற்கும் ஒரு விதி வேண்டும் என்று நான் எழுந்தேன். கமிஷனர் 'சம்பந்தப்பட்ட உறுப்பினர்' என்று ஏதோ வாசித்தார்.

"அதெல்லாம் யாருக்கும் வெளங்காது சார். கான்ட்ராக்டர் வீட்டுல கை நனைச்சவன், அவன் வீட்டுத் தாம்பூலம் வாங்குனவன், அவன் விசயம் வர்றப்ப எழுந்து வெளிய போவணும். அப்படியே எழுதுங்க!"

எங்கள் ஊரில் பெண் கொடுப்பதானாலும் நிலம் விற்பதானாலும் சூளைக்கு ஆள் பேசுவதானாலும் வெற்றிலை பாக்கு கை மாறிவிட்டால் பேச்சு முடிந்தது. பிறகு மாறக்கூடாது. அதனால்தான் அப்படிச் சொன்னேன். சபை சிரித்தது. சிரித்துக்கொண்டே கை தூக்கியது. கமலாம்பாளும் தூக்கினார். கமிஷனர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் தெருக்கூட்டும் வேலை அஜெண்டாவில் வந்தது. வேலையை மொத்தமாக மாறன் என்ற ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைப்பதாகத் திட்டம். சேதி தெரிந்ததும் மார்க்கெட் தெருவைக் கூட்டும் பூவாயி சூளைக்கே வந்துவிட்டார். பிரெஞ்சுக்காரன் காலத்துப் பழைய ஆட்கள் மாதிரி கொம்யூன் ஆபீசை அவரும் மேரி என்றுதான் சொல்வார்.

"ஐயா, இப்ப மேரியில நேரா கூலி வாங்குறோம். மாறன் கைக்குப் போனா வெளியூரு ஆளுங்கள வேன்ல கொண்டாந்து எறக்கிடுவாரு. இந்த வயசுல என்னை ஆருங்க கூப்புடுவா?"

"நீ கமலாம்பா வார்டுதானே? அந்தம்மாகிட்ட சொன்னியா?"

"சொன்னேங்க. 'நீ போயி வேலையப் பாரு'ன்னாங்க."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பக்கமும் சேர்மன் பக்கமும் ஏறக்குறைய சமம். கமலாம்பாள் கை எந்தப் பக்கம் உயர்கிறதோ அந்தப் பக்கம்தான். சேர்மன் பக்கம் உயர்ந்தால் பூவாயியும் அவரோடு கூட்டும் பெண்களும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

கூட்டத்துக்கு முந்தின வாரம் வைத்தியலிங்கம் ஒரு சேதி கொண்டுவந்தார். மாறன் மகளுக்குக் கல்யாணம். அவர் மனைவி கவுன்சிலர்கள் வீட்டுக்கெல்லாம் பத்திரிகையும் தாம்பூலத் தட்டுமாகப் போகிறார். கமலாம்பாள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாராம்.

நேரே அவர் களத்துக்குப் போனேன். நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா தங்கச்சி, மாறன் வீட்டுத் தட்டு வந்துச்சாமே?"

"வந்துச்சுண்ணே. கல்யாணச் சேதி சொல்ல வந்தவங்கள வாசல்லயே திருப்பி அனுப்ப முடியுமா?"

"தட்டுல வெத்தல மட்டுந்தானா?"

"பழமும் இருந்துச்சு. உங்களுக்கு வேணுமா?"

என்ன துணிச்சல்! சரி, இது முழுசாக விலைபோய்விட்டது என்று முடிவுகட்டினேன். நான் போட்ட விதி மறந்துவிடவில்லை. ஆனால் அது ரகசியமாகக் கை மாறுவதற்குப் போட்டது. ஊரறியக் கொடுக்கும் கல்யாணத் தாம்பூலத்தை அதில் சேர்க்க எனக்குத் தோன்றவில்லை.

கூட்டத்தன்று சேர்மன் அந்த அயிட்டத்தை எடுத்ததும் ஓரத்து நாற்காலி கிரீச்சிட்டது. கமலாம்பாள் எழுந்து நின்றார்.

"நான் மாறன் வீட்டுத் தாம்பூலம் வாங்கிட்டேன். சட்டப்படி வெளிய போறேன். வாங்குனவங்க எல்லாம் எழுந்திரிங்க."

"அது கல்யாணத் தாம்பூலம்மா, உக்காரு" என்றார் சேர்மன்.

"சட்டத்துல தாம்பூலம்னுதானே மாமா இருக்கு? கல்யாணத்த வுட்டுட்டுன்னு இல்லியே."

எனக்கு ஆனந்தம். "சரியாச் சொன்னே தங்கச்சி! எழுந்திரிங்கய்யா எல்லாரும்!" என்று மேசையைத் தட்டினேன்.

"அண்ணே, உங்க வீட்டுக்கும் வந்துச்சே" என்றார் அந்த அம்மா, சாந்தமாக.

"என் வீட்டுக்கா? நான் எதிர்க்கிறது மாறனுக்குத் தெரியும். என் வீட்டுப் படி ஏறுவாங்களா?"

"அண்ணிக்குப் போனப் போட்டுக் கேளுங்க."

போட்டேன். சபை முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. என் மனைவிக்குக் குரல் பெரிசு.

"ஆமாங்க, வந்தாங்க. மஞ்ச குங்குமத்த வேணாம்னு சொல்லுவாங்களா? காலைல ரெண்டு வாழப்பழம் சாப்புட்டீங்களே, அது எந்த மரத்துலேருந்து வந்துச்சுன்னு நெனச்சீங்க?"

சிரிப்பு அடங்கும்வரை நான் உட்கார்ந்திருக்கவில்லை. நான் போட்ட சட்டத்துக்கு நானே எழுந்து நடந்தேன். இந்தப் பிரதேசத்தில் வேறு யார் அப்படிச் செய்திருக்கிறார்கள், காட்டுங்கள். நான் வாசலைத் தாண்டிய பிறகு சேர்மனுக்கு வேறு வழியில்லை. அவரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அவர் ஆட்களும் என் ஆட்களும் பின்னாலேயே வந்தார்கள். உள்ளே வைத்தியலிங்கம் மட்டும்தான் மிச்சம். பங்காளி வீட்டில் சாவு, தீட்டு என்று அவர் வீட்டுக்கு மட்டும் தட்டு போகவில்லை.

"நான் ஒருத்தனே தீர்மானம் போட்டுக்கவா சார்?" என்று அவர் கமிஷனரைக் கேட்டது வராந்தாவரை கேட்டது.

ஆள் போதவில்லை என்று அயிட்டம் விழுந்தது. அடுத்த கூட்டத்தில் அந்த விதியையே எடுத்துவிடலாம் என்று சேர்மன் பேசிப் பார்த்தார். சேதி கேட்டு வந்த பத்திரிகைக்காரர்கள் உட்கார்ந்திருக்கும்போது, தாம்பூலம் வாங்கினால் தப்பில்லை என்று கை தூக்க ஒருத்தருக்கும் தைரியம் வரவில்லை. மாறன் அலுத்துப்போய் வேறு ஊர் ஒப்பந்தத்துக்குப் போய்விட்டார்.

ஆனால் எனக்குள் ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. என் வீட்டுக்கு ஏன் தட்டு வந்தது? மனைவியிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

"மாறன் சம்சாரம் மொதல்ல நம்ம வீட்டுக்கு வர்றதா இல்லியாம். 'கவுன்சிலர் வீடு ஒண்ணையும் வுட்டுடாதீங்க, அப்பறம் மனஸ்தாபம் வரும்'னு கமலாம்பாதான் சொல்லி அனுப்புனாங்களாம்."

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். கமலாம்பாள் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னை எதுக்கும்மா மாட்டி வுட்ட? நான் உன் பக்கந்தானே?"

"மாமாவுக்கு எதிரா நான் நேரா கை தூக்க முடியாதுல்ல? நீங்க மட்டும் உள்ள உக்காந்திருந்தா, பெரியவரு தன் வசதிக்குச் சட்டம் போட்டாருன்னு சண்டைக்கு நிப்பாங்கண்ணே. நீங்க எழுந்தாத்தான் மாமா எழுந்திருப்பாரு."

"முன்னாலயே ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"உங்ககிட்ட சொன்னா சூளைக்குத் தெரியும். சூளைக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியும்."

வந்த வழியே திரும்பி நடந்தேன். அந்த அம்மா மாறன் மகள் கல்யாணத்துக்கும் போய், முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வந்ததாகக் கேள்வி. சேர்மன் வீட்டில் மட்டும் கமலாம்பாள் குடும்பத்தோடு பேச்சுவார்த்தை நின்றுபோனது. சிவநாதன் வீட்டு விசேஷத்துக்குச் சித்தப்பா வரவில்லை. அந்த அம்மா அதைப் பற்றி என்னிடம் ஒரு நாளும் குறைப்பட்டதில்லை.

பூவாயி உடம்பு முடிகிறவரை மார்க்கெட் தெருவைக் கூட்டினார். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "ஐயா எழுந்து வெளிய போனதுனாலதான் எங்க வேல நெலச்சுது" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்வார். அப்படிச் சொல்லச் சொல்லிக் கொடுத்ததும் கமலாம்பாள்தானோ என்று எனக்கு இன்றைக்கும் ஒரு சந்தேகம் உண்டு.