சோயாக் குழம்புக்காரர்

என் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றத் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது, பக்கத்துக் கட்டில்காரியின் புருஷனைப் பார்த்தேன். ரெட்டியார்சத்திரம் பக்கத்துப் பூ விவசாயி. நரைத்த மீசை, விரலெல்லாம் செடிக்கறை. சோயாக் குழம்புச் சோற்றை அவளுக்கு ஒரு வாய் ஊட்டி, தானும் ஒரு வாய் சாப்பிடுவார்.

"இதுல நோவு தீருமாப்பா?" என்றேன்.

"கண்ணாடிக் குப்பியில வச்ச புத்துநோய்ச் செல்லு வளராம சோயாச்சத்து தடுக்குதாம் ஆத்தா. உடம்புக்குள்ளயும் தடுக்குமான்னு உறுதியில்லையாம். மருந்தை விட்றாதீகன்னாரு டாக்டரு."

"நீ எதுக்குத் திங்கிற?"

"இவரு சமையலை நான் மட்டும் திங்கணுமாக்கும்!" என்றாள் அவள். இருவரும் சிரித்தார்கள்.

என் வீட்டுக்காரர் இருந்தவரை, அவருக்குப் பரிமாறிவிட்டுப் பிறகு தனியாகத்தான் சாப்பிட்டேன். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. அன்றைக்கு என்னவோ, என் கட்டிலில் அவர் உட்கார இடம் விட்டு ஒதுங்கிப் படுத்துக்கொண்டேன்.