நான் மொழிபெயர்க்காத பாதி

எழுபதுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலையில் ஒரு மண்டிக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து டிராக்டரில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை மூட்டை ஏற்றிவரும் ஒருவன் அங்கே எனக்குச் சிநேகிதனானான். விவசாயக் குடும்பம், என்னைவிட இரண்டு வயது இளையவன். மண்டி வாசல் குறுகல். அதற்குள் டிரெய்லரோடு டிராக்டரைப் பின்பக்கமாகவே ஓட்டி, ஒரே தடவையில் கொண்டுபோய் நிறுத்துவான். நாங்கள் எல்லாரும் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டுப் பார்ப்போம்.

வடக்கே ஒரு விமான நிலையத்தில் என் மாமா இருந்தார். அவர் மூலம் எனக்கு அங்கே பெட்டி வண்டி ஓட்டும் வேலை கிடைத்தது. சின்ன டிராக்டர், பின்னால் நான்கு தள்ளுவண்டிகள், அவற்றில் பயணிகளின் பெட்டிகள். இரண்டு வருடம் கழித்து இன்னொரு இடம் காலியானபோது அவனுக்குக் கடிதம் போட்டேன். எங்கள் வீட்டில் உருது பேசுவோம், அதனால் எனக்கு அந்த ஊர்ப் பேச்சு சிரமமில்லை. அவனுக்குத் தமிழ் மட்டும்தான்.

"அதான் நீங்க இருக்கீங்களே பாய், அப்புறம் என்ன?" என்று ரயிலேறி வந்துவிட்டான்.

அங்கே முதல் நாளே சொல்லித்தருவது ஒன்றுதான். விமானம் நகர்ந்தால் வண்டி நிற்க வேண்டும். அதன் வயிற்றில் சிவப்பு விளக்கு சுற்றினால் குறுக்கே போகவும் கூடாது, பின்னால் நெருங்கவும் கூடாது. பழகப் பழக நாங்கள் கண் அளவிலேயே தூரத்தைக் கணித்துப் போய்விடுவோம். அவன் மட்டும் கடைசிவரை மாறவில்லை. விமானம் தாண்டிப்போய், அதன் சூடான காற்று அடங்கும்வரை பிரேக்கிலிருந்து காலை எடுக்கமாட்டான். கேலி செய்தால் சிரிப்பான்.

அன்று காலை அவன் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த ஷிப்டுக்கு நான்தான் பொறுப்பு. பெட்டி தாமதமாக வருகிறது என்று அந்த வாரத்தில் இரண்டு தடவை திட்டு வாங்கியிருந்தேன். விமானங்கள் போகும் பாதையைக் கடக்கும் இடத்தில் வண்டியை நிறுத்தினான்.

"பிளேன் வருது பாய்."

"எங்க வருது? அது அங்க இருக்கு. போடா, போயிடலாம்."

"லைட்டு சுத்துது பாய்."

"போன்னு சொல்றேன் இல்ல!"

வண்டியை எடுத்தான். நான் நினைத்ததைவிட வேகமாக வந்துவிட்டது விமானம். கடைசித் தள்ளுவண்டி கடப்பதற்குள் விமானி சட்டென்று பிரேக் போட, விமானத்தின் மூக்கு ஒரு குனி குனிந்து நின்றது. எதுவும் உரசவில்லை. "ஒண்ணும் ஆகல, போ" என்றேன். கொஞ்ச நேரத்தில் அந்த விமானத்தை நோக்கி ஆம்புலன்ஸ் போனது. உள்ளே தட்டில் பெப்பர்மின்ட் கொடுத்துக்கொண்டிருந்த பணிப்பெண் விழுந்து கை முறிந்துவிட்டது என்றார்கள்.

மத்தியானம் விசாரணை. அதிகாரிக்குத் தமிழ் தெரியாது, அவனுக்கு இந்தி தெரியாது. "நீயே கேட்டுச் சொல்" என்று என்னையே உட்காரவைத்தார். ஏன் நிற்கவில்லை என்று கேட்டார்.

அவன் கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்: "நான் நிறுத்தினேங்க. பாய்தான் போன்னு சொன்னாரு. அதுக்கப்புறம்தான் எடுத்தேன்."

நான் அதிகாரியிடம் சொன்னேன்: "தூரத்தில் இருக்கிறது, போய்விடலாம் என்று நினைத்து எடுத்தேன் என்கிறான்."

என் மனைவி அப்போது நிறைமாதம். அதை இத்தனை வருடமும் எனக்கு நானே காரணமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பேசி முடிக்கும்வரை அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். முடித்ததும், ஆமாம் என்பதுபோல அதிகாரியைப் பார்த்துத் தலையாட்டினான்.

அவனுக்கு வேலை போனது. ரயிலடியில் கேட்டான், "நீங்க சொல்லித்தான் எடுத்தேன்னு தெரிஞ்சும் அவரு விடலியா பாய்?"

"அவங்க எங்கடா கேக்கறாங்க" என்றேன்.

எண்பதுகளில், தங்கை மகள் கல்யாணத்துக்கு ஊர் வந்தேன். தங்கையைக் கொடுத்ததும் கீழ்பென்னாத்தூரில்தான். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு வாசலில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்த வேனின் டிரைவர் என்னைப் பார்த்து, "பாய்! முன்னாடி வந்து ஒக்காருங்க" என்றான். முன்நெற்றி ஏறியிருந்தது. மற்றபடி அவனேதான்.

ஊரைத் தாண்டும்வரை பிள்ளைகளைப் பற்றி விசாரித்தான். பிறகு சாலையைப் பார்த்தபடியே சொன்னான்:

"ஆசிரமத்துக்கு வர்ற வடக்கத்தி ஆளுங்கள மலை சுத்தக் கூட்டிட்டுப் போறேன் பாய். இப்ப எனக்கும் இந்தி கொஞ்சம் வருது. 'போலா'ன்னா சொன்னாருன்னு அர்த்தமாமே. அன்னைக்கு நீங்க பேசுனதுல அந்த வார்த்தை வந்துச்சா?"

"இல்ல" என்றேன்.

ஒரு கிராமத்தில் கூடைக்காரம்மா ஒருவரை இறக்கிவிட்டு, மறுபடி வண்டியை எடுத்தபோதுதான் கேட்டான்.

"அந்தப் பொண்ணுக்குக் கை சரியாச்சா?"

எனக்குத் தெரியவில்லை. விசாரித்ததே இல்லை. அதையும் சொன்னேன். என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தான். தங்கை வீட்டுத் தெருமுனையில் இறங்கும்போது "மன்னிச்சுடுடா" என்றேன். "பாத்து எறங்குங்க, பின்னால பஸ் வருது" என்றான்.

வேலைக்குத் திரும்பியதும் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். பழைய அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர் படித்துவிட்டு, என்னிடமிருந்த பொறுப்பை எடுத்துவிட்டார். "அவனை மறுபடி சேர்த்துக்கொள்ள முடியுமா?" என்று கேட்டேன். "இத்தனை வருஷம் கழித்தா?" என்றார். அந்தப் பெண் குணமாகி, சில மாதத்திலேயே வேலைக்கு வந்துவிட்டதாக அலுவலகத்தில் தெரிந்துகொண்டேன்.

எல்லாவற்றையும் அவனுக்கு எழுதினேன். பதிலுக்கு ஒரு கார்டு வந்தது. அந்தப் பெண் நலம் என்று படித்ததில் சந்தோஷம், வீட்டில் எல்லாரும் சௌக்கியம், மழை போதவில்லை. என் கடிதத்தின் மற்ற பக்கங்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அதற்குப் பிறகும் விடுமுறைக்கு ஊர் வந்திருக்கிறேன். தங்கை வீட்டுக்குப் போகும்போது அவன் வேன் நின்றாலும் ஏறாமல், அரசு பஸ்ஸுக்காக வெயிலில் காத்திருந்திருக்கிறேன்.