வழியில் நிற்காத வண்டி

எம். புதுப்பட்டி இசைவாணிக்குச் சூலக்கரையில் ஆபீஸ் வேலை. இரண்டு பஸ் மாறிப் போய் வந்தவள், கார் வாங்குவதென்று முடிவு செய்து எத்தனையோ பழைய கார்களைப் பார்த்துவிட்டாள். எதைக் காட்டினாலும் அவளுக்கு ஒரே கேள்விதான்: வழியில் நிற்குமா? விற்க வந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். பட்டாசுக் கம்பெனி விபத்தில் வெந்துபோன அவள் அம்மா சின்னத்தாயை ஏற்றிக்கொண்டு போன வேன், ஓடைப்பாலத்து ஏற்றத்தில் நின்றுபோனது. வேறு வண்டி வருவதற்குள் உயிர் போய்விட்டது. அப்படிப்பட்டவள் வேறு என்னத்தைக் கேட்பாள்?

அச்சங்குளத்தில் ஒரு குட்டி எஸ்.யூ.வி. விலைக்கு வந்திருக்கிறதென்று கேள்விப்பட்டு, மெக்கானிக் அய்யாதுரையைக் கூட்டிக்கொண்டு போனாள். வண்டிக்காரர் ரத்தினசாமி, ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். வண்டியை ரோட்டைப் பார்க்க நிறுத்தியிருந்தார். சீசன் நேரத்தில் அந்தப் பக்கத்துப் போர்மேன்மார் அப்படித்தான் நிறுத்துவார்கள். ஏனென்று யாரும் கேட்பதில்லை.

அய்யாதுரை எஞ்சின் சத்தத்தைக் கேட்டார், அடியில் படுத்துப் பார்த்தார், ஆயில் கசிகிறதா என்று தடவினார். "கிளட்ச் மட்டும் கொஞ்சம் தேஞ்சிருக்கு தாயி. மத்தபடி நல்லாயிருக்கு."

ஓட்டிப் பார்க்க ரத்தினசாமியும் அய்யாதுரையும் முன்னால் ஏறி வண்டியைக் கிளப்பியதும் டிங் டிங் என்று மணி அடித்தது. பின்சீட்டில் இருப்பவர் பெல்ட் போடவில்லையாம். பின்சீட்டில் யாருமே இல்லை; இசைவாணி இன்னும் ஏறவில்லை.

"ஏண்ணாச்சி, பின்னால ஆரை ஏத்தி வச்சிருக்கீக?" என்று சிரித்தார் அய்யாதுரை.

ரத்தினசாமி சிரிக்கவில்லை. "சீட்டைக் கழுவுனப்ப உள்ள தண்ணி எறங்கிருச்சு. அதுலருந்து இப்படித்தான்."

"சீட்டைப் போயி எவனாச்சும் கழுவுவானா?" என்று முனகியபடி அய்யாதுரை இறங்கிப் பின்சீட்டைத் தூக்கினார். அடியில், சருகாகிப்போன வாழையிலைக் கிழிசல் ஒன்று ஒட்டியிருந்தது. அதன்மேல் பட்டாசுக்குப் போடும் வெள்ளிப்பொடி மினுங்கியது. தீயில் வெந்தவர்களை வாழையிலையில் கிடத்தி, ரோட்டைப் பார்க்க நிற்கிற வண்டியில் கொண்டுபோகிற ஊர்கள் இவை. யாரும் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இது வேண்டாம் தாயி," என்றார் அய்யாதுரை மெதுவாக. "நித்தம் போகவர ஆகாது."

இசைவாணி ரத்தினசாமியைப் பார்த்தாள். "ஆரைக் கொண்டுபோனீக?"

"பேரு தெரியாதும்மா. பக்கத்துக் கம்பெனிப் பொம்பள. தண்ணி தண்ணினு கேட்டுக்கிட்டே வந்துச்சு. அந்த மணி அடிச்சா எனக்கு வண்டி ஓட்ட முடியல. அதான் விக்கிறேன்."

"வழியில நின்னுச்சா?"

"எது?"

"வண்டி."

"நிக்கல. ஆசுபத்திரி வாசல்ல போயித்தான் நின்னுச்சு."

"பொழைச்சாகளா?"

"இல்லம்மா. ரெண்டு நாளு இருந்துச்சு. புள்ளைக வந்து மொகத்தைப் பாத்துருச்சுக."

இசைவாணி போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் முகத்தை மூடிக் கட்டியிருந்தார்கள்.

அவள் பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். "அன்னைக்குப் போன மாதிரியே போங்கண்ணாச்சி," என்றாள் ரத்தினசாமியிடம்.

"ஏத்தா, கிறுக்கா ஒனக்கு? முன்னால வந்து உக்காரு!" என்றார் அய்யாதுரை. அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். வேறு வழியில்லாமல் அவர் முன்னால் ஏறினார்.

மணி அடித்தபடியே வண்டி போனது. ஆஸ்பத்திரி ரோட்டில்தான் அந்த ஓடைப்பாலம். ஏற்றத்தில் வண்டி திணறவில்லை, அசராமல் ஏறியது. அவளுக்குத்தான் அங்கே நிறுத்தச் சொல்ல வேண்டும் போல இருந்தது. யாரோ ரோட்டோரத்தில் காத்துக் கிடப்பது மாதிரி இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பாலம் தாண்டி வெகுதூரம் வந்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"எடுத்துக்கிறேன் அண்ணாச்சி."

மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. முன்னால் இருந்த இருவரும் பின்சீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை.