கூரை போடுமுன் கொரியா

மட்டக்களப்பில் கொரிய மொழி கற்பிக்கிறவனிடம் கொரிய மொழி படிக்க யாரும் வருவதில்லை. கொரியாவுக்குப் போகத்தான் வருகிறார்கள். நானும் அப்படிப் போய்வந்தவன்தான். அங்கே ஒரு தொழிற்சாலையில் பிளாஸ்டிக் வாளி செய்தேன், வாளியோடு மொழியும் வந்தது. ஊர் திரும்பி, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போன் திருத்துகிற கடையின் மேல்மாடியில் வகுப்புத் தொடங்கினேன். வேலைக்குப் போகிறவர்களின் பரீட்சைக்குப் பயிற்சி. அதோடு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

கொரியப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்குப் புலமைப்பரிசில் கொடுத்துக் கூப்பிடுகிறார்கள், அவர்களுடைய வரலாறு, இலக்கியம், குடும்பம், சடங்கு எல்லாவற்றையும் அங்கேயே இருந்து படிக்கலாம், அதற்குக் கொரியவியல் என்று பெயர் என்று தெரியவந்த அன்றைக்கே போர்டில் ஒரு வரி கூட்டி எழுதினேன்: 'கொரியவியல் மேற்படிப்புக்கு ஆலோசனை வழங்கப்படும்.' அந்த ஒரு வரியால் பட்டதுதான் இதெல்லாம். ஆலோசனை வழங்கிப் பிழைக்கிற ஆட்கள் யாராவது வாசித்தால், உங்களுக்கும் நடந்திருக்கும், பேசாமல் தலையாட்டுங்கள்.

கெதியாகப் படித்தால்

முதலில் வந்தவர் காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருக்கும் ஒரு ஹாஜியார். கூடவே மகன், பட்டதாரி. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. முதல் வருடம் மொழி, அதற்குப் பிறகு முதுகலை, தங்க இடம், விமானச் சீட்டு, யார் பரிந்துரைக்க வேண்டும், ஆய்வுத் திட்டம் எப்படி எழுத வேண்டும் என்று தொண்டைத் தண்ணி வற்றும்வரை விளக்கினேன். மகன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஹாஜியார் மட்டும் ஒரு சொல் விடாமல் கேட்டார். இடையில் ஒரு தரம் என்னை நிறுத்தி, முதல் வருட மொழிப் படிப்பில் பெயில் விட்டால் என்ன செய்வார்கள் என்றுகூடக் கேட்டார். இப்படி ஒரு தகப்பன் எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

முடித்ததும் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "நீங்க செல்றதெல்லாம் நல்லா வெளங்குது சேர். மகன் கெதியாப் படிச்சு முடிச்சிட்டா, அங்க மச்சான்ட மகன் நிக்கிற பெக்டரிக்கு நேரா எடுப்பாங்களா?"

வீடும் மாப்பிள்ளையும்

அப்படி ஆறேழு பேர் வந்து போன பிறகு டிலக்ஷி வந்தாள். வவுணதீவுப் பக்கம். சமூகவியலில் பட்டம் எடுத்தவள். கொரிய நாடகம் பார்த்துப் பார்த்து மொழியைத் தானே படித்திருந்தாள். பார்த்ததெல்லாம் ராஜா காலத்து நாடகம் என்பதால் என்னோடு அரண்மனைப் பணிப்பெண் மாதிரிக் கதைத்தாள். அதை விட்டுப்பார்த்தால், நான் பார்த்த ஆட்களில் உண்மையாகவே படிக்கப் போக விரும்பியவள் அவள் ஒருத்திதான்.

அவளுடைய அம்மாவும் கூட வந்திருந்தார், பரமேஸ்வரி அக்கா. தகப்பன் வயல் வட்டைக்குள் வெள்ளாமையோடு நிற்கிற மனிதர், வீட்டுக் கதை பேச்செல்லாம் அக்காதான். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் இருப்பார். டிலக்ஷிக்கும் வீடு எழும்பிக்கொண்டிருந்தது. சுவர் முடிந்தது, கதவு நிலை வைத்தாயிற்று, மிச்சம் கூரைதான். அடுத்த வெள்ளாமை வெட்டினால் கூரை, கூரை போட்டால் கல்யாணம். கல்யாணம் கட்டினால் எந்தக் கொரியா? ஆக, அவளுக்கு இந்த ஒரு தடவைதான். எவ்வளவு காலம் எடுக்கும் என்று அக்கா கேட்டார். விண்ணப்பம், நேர்முகம், முடிவு என்று கிட்டத்தட்ட ஒரு வெள்ளாமைக் காலம் போகும் என்றேன். அவர் மகளை ஒரு தரம் பார்த்தார், பிறகு என்னை.

"போறதெண்டா கூரை போட முந்திப் போகட்டும் சேர். கூரை போட்ட வீட்டுக்குள்ள குமர வெச்சிக்கிட்டுக் கலியாணத்த இழுத்தா ஊர் என்ன கதைக்கும்?"

சுமாரான மாணவி

பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். இந்த வேலையில் இருப்பவர்களுக்கு அடுத்தது என்னவென்று தெரியும். அவளுடைய விரிவுரையாளர், நல்ல மனிதர், நேரமில்லாத மனிதர், 'நீரே எழுதிக் கொண்டு வாரும், நான் ஒப்பம் வைக்கிறன்' என்றாராம். டிலக்ஷி எழுதி எனக்குக் காட்டினாள். 'இவர் சுமாரான மாணவி. வகுப்புக்கு ஒழுங்காக வருவார். சில வேளை பிந்தி வருவார், பஸ் அப்படி. குறைகள் இருந்தாலும் திருந்தக்கூடியவர்.' நான் இரண்டு தரம் வாசித்தேன். திருந்தக்கூடியவரை யாரும் விமானம் ஏற்றிக் கூப்பிட மாட்டார்கள், 'சிறந்த மாணவி' என்று எழுதென்று ஏசினேன். அவள் அசையவில்லை. கடைசியில் நானே உட்கார்ந்து அவளைப் புகழ்ந்து ஒரு பக்கம் எழுதினேன். அதை வாசித்துவிட்டு முகம் சிவந்து போய்ச் சொன்னாள்: "இந்தப் புள்ள ஆர் சேர்? நான் இவவக் கண்டா ஒளிச்சிருவன்."

அண்ணன் முறை

ஆய்வுத் திட்டம்தான் இதில் உயிர். எல்லாரும் நாடகத்தைப் பற்றியும் பாட்டுக் குழுக்களைப் பற்றியும் எழுதி அனுப்புவார்கள். டிலக்ஷியும் அதைத்தான் எழுதியிருந்தாள். கிழித்துப் போடச் சொன்னேன். இரண்டு கிழமை ஆள் வரவில்லை. கோபமாக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

திரும்பி வந்தபோது முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. கொக்கட்டிச்சோலையில் இருந்து ஒரு சம்பந்தம் பேசி வந்ததாம். மாப்பிள்ளை ஆசிரியர், சாதகம் பொருத்தம், எல்லாம் சரி. தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் அக்கா வழக்கம்போல் அவர்களின் குடியைக் கேட்டிருக்கிறார். குடி என்றால் குலம் மாதிரி, எங்களுக்கு அது தாய் வழி. தாய் எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. ஒரே குடிக்குள் கல்யாணம் கட்ட ஏலாது, சகோதர முறை. பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே குடி. பெண் பார்க்க வந்தவர் அந்த இடத்திலேயே அண்ணனாகிப் போனார்.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. கொரியாவிலும் இதே கதைதான், ஒரே குலப் பெயரும் ஒரே பூர்வீக ஊரும் என்றால் கட்ட ஏலாது, முந்தி சட்டமே மறித்தது, ஆனால் அவர்களுக்கு அது தகப்பன் வழி என்று சொன்னேன். அவள் கதிரையை விட்டு எழும்பிவிட்டாள். அன்றைக்கே எழுதத் தொடங்கினாள்: கொரியக் குலமும் மட்டக்களப்புக் குடியும், தகப்பன் வழியும் தாய் வழியும். எழுதி முடித்து, பேனையை மூடிக்கொண்டு சொன்னாள்: "அந்த அண்ணனுக்கு ஒரு நன்றி சொல்லணும் சேர்."

காயாத மரம்

விண்ணப்பம் போனது. வெள்ளாமையும் வெட்டினார்கள். நேர்முகத்துக்கு இன்னும் கூப்பிடவில்லை. கூரை மரம் வந்து இறங்கிவிட்டது என்று டிலக்ஷி போனில் சொன்னாள். குரலே இல்லை. நான் என்ன செய்ய? கொரியாவைக் கெதிப்படுத்துகிற அதிகாரம் எனக்கு யார் தந்தது? பொறு என்றேன். ஆனால் கிழமைக்கு ஒரு தரம் கேட்டால், கூரை வேலை மட்டும் அப்படியே நின்றது. கூரை போட வந்த மேசனுக்கு முதுகு பிடித்துவிட்டதாம். பிறகு நல்ல நாள் இல்லையாம். பிறகு மரம் காயவில்லையாம். அக்கா அந்த மேசனை ஏசாத ஏச்சு இல்லை என்று கேள்வி.

ஒருநாள் மத்தியானம் தெரியாத நம்பரில் இருந்து அழைப்பு. மேசன்தான். என் நம்பரை எங்கே எடுத்தார் என்று கேட்கவே தேவையில்லை. சுற்றி வளைக்காமல் விசயத்துக்கு வந்தார்: "சேர், அந்தப் புள்ளட முடிவு எப்ப வரும்? காஞ்ச மரத்த ஈரமெண்டு இன்னும் எத்தின நாளைக்கு நான் சொல்லுற?"

ஏதாவது கேள்வி உண்டா?

கடைசியில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். நடந்தது என் வகுப்பில்தான், அவளுடைய ஊரில் படத்தோடு பேசுகிற அளவுக்குச் சிக்னல் வராது. கணினியை மேசையில் வைத்து, நான் படத்தில் விழாதபடி சுவரோரம் நின்றேன். அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் தலைமைப் பேராசிரியர், வயதானவர், பின்னால் கூரைவரை புத்தகம். டிலக்ஷி நன்றாகத்தான் பேசினாள். குடி என்றால் என்ன என்று கேட்டார்கள், சொன்னாள். கோயிலில் குடி வரிசைப்படி மரியாதை கொடுப்பதைச் சொன்னாள். அண்ணனாகிப் போன மாப்பிள்ளையைச் சொன்னாள், மூன்று பேரும் சிரித்தார்கள். பெரியவருக்கு உற்சாகம் வந்து, தன் குலம், பூர்வீக ஊர், குலத்தைத் தொடங்கிய மூதாதை, அவருக்குப் பிறகு தான் எத்தனையாவது தலைமுறை என்றெல்லாம் மூச்சு விடாமல் சொன்னார். நான் மனதுக்குள் விமானச் சீட்டே எடுத்துவிட்டேன்.

கடைசியில், எங்களிடம் கேட்க ஏதாவது உண்டா என்றார்கள். அதற்கு என்ன கேட்க வேண்டும் என்று நான் பழக்கியிருந்தேன். நூலகத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள், அவர்களும் மகிழ்ந்து பதில் சொல்வார்கள். டிலக்ஷி நூலகத்தை மறந்துபோனாள். அந்தப் பெரியவரைப் பார்த்து, வீட்டுக்கு வந்தவரிடம் கேட்கிற மாதிரி, உங்கள் அம்மாவின் அம்மா என்ன குலம் என்று கேட்டாள்.

இணைப்பு அறுந்துவிட்டதாக்கும் என்று எட்டிப் பார்த்தேன். அறவில்லை. பக்கத்தில் இருந்த பெண் விரிவுரையாளர் வாயைக் கையால் மூடிக்கொண்டிருந்தார். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், திரும்பவும் கழற்றினார். தெரியாது என்றார். அவ்வளவுதான். நன்றி சொல்லி முடித்துவிட்டார்கள்.

நான் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்துவிட்டேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தலைமைப் பேராசிரியரிடம் போய்க் கேட்கிற கேள்வியா அது, இனிப் போய்க் கூரையைப் போடச் சொல்லு என்று கத்தினேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, ஆனால் தான் செய்த பிழை என்னவென்று மட்டும் விளங்கவில்லை.

"அவர் அப்பாட பக்கத்தத்தானே சேர் சொன்னவர். தாய் வழி தெரியாம, ஆள் ஆரெண்டு எப்பிடி அறியிற?"

கேட்காத ஆவணம்

மேசனாலும் எவ்வளவு நாள்தான் தாக்குப்பிடிக்க முடியும்? அக்கா வேறு மேசனைப் பிடிக்கப் போவதாகச் சொன்னதும் மனிதர் மரத்தைக் காய வைத்துவிட்டார். ஒரு பக்கம் ஓடு போட்டு முடிந்து, மறுபக்கம் தொடங்குகிற அன்றைக்குத்தான் முடிவு வந்தது. டிலக்ஷியைத் தெரிவு செய்திருந்தார்கள். படிப்பு, தங்குமிடம், பயணம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. கீழே பெரியவர் தன் கைப்பட இரண்டு வரி சேர்த்திருந்தார்: 'என் தாயின் தாயைப் பற்றி என் மூத்த சகோதரியிடம் விசாரித்தேன். வந்ததும் நேரில் சொல்கிறேன்.'

எனக்குச் சந்தோசம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். அரைக்கூரை என்றாலும் கூரைதானே. டிலக்ஷி அன்றைக்கு அம்மாவிடம் சொன்னாளாம். அக்கா எழும்பிப் போய், இறங்கி வந்த மேசனிடம் மிச்ச ஓடுகளையும் போடச் சொன்னாராம். அதற்குப் பிறகு வீட்டில் அந்தக் கதையே இல்லை. டிலக்ஷி வகுப்புக்கு வந்து சும்மா உட்கார்ந்திருப்பாள், புத்தகத்தைத் திறப்பாள், மூடுவாள். சம்மதக் கடிதம் அனுப்ப வேண்டிய நாள் நெருங்கியது. நான் அக்காவோடு பேசவா என்று கேட்டேன். வேண்டாம் சேர் என்றாள். எனக்கும் உள்ளுக்குள் நிம்மதிதான். பரமேஸ்வரி அக்காவோடு பேசுகிற தைரியம் எனக்கு ஏது?

கடைசிக்கு முதல் நாள் அக்காவே படியேறி வந்தார், தனியாக. மூச்சு வாங்கக் கதிரையில் இருந்து, பையில் இருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து மேசையில் வைத்தார். வீட்டு உறுதிப் பத்திரம். டிலக்ஷியின் பெயரில் எழுதியிருந்தது. சீதன உறுதியென்றால் கல்யாணத்தோடுதான் எழுதுவார்கள். மாப்பிள்ளை எங்கே, மாப்பிள்ளை எங்கே என்று உறுதி எழுதுகிற நொத்தாரிசு விடாமல் கேட்டாராம். மாப்பிள்ளை வாற நேரம் வரட்டும், வீடு புள்ளையின் வீடு, நீ எழுது என்று சொல்லி அக்கா எழுதுவித்திருக்கிறார். புள்ள போகட்டும், நீங்கள் சம்மதம் என்று அனுப்புங்கள் என்றார். உடனே கணினியைத் திறந்தேன். சரி, இந்த உறுதியை ஏன் இங்கே கொண்டு வந்தீர்கள் என்று பிறகுதான் கேட்டேன். அக்கா கவரை என் பக்கம் தள்ளினார்.

"இத அந்தப் பெரியவருக்கு அனுப்பிவிடுங்க சேர். புள்ளைக்கு இஞ்ச வீடிருக்கு. படிச்சு முடிய அங்க வெச்சிக்கொள்ளாம அனுப்பி விடணுமெண்டும் எழுதுங்க."

கொரியவியல் மேற்படிப்புக்குக் கேட்கிற ஆவணங்களில் சீதன உறுதி எந்த இடத்திலும் இல்லை என்றாலும், இத்தனை காலத்தில் நான் மொழிபெயர்த்து அனுப்பியவற்றில் அங்கிருந்து ஒரு திருத்தமும் கேட்காமல் ஏற்றுக்கொண்டது அது ஒன்றைத்தான்.