காய்ந்த குப்பி

திருவனந்தபுரத்தில் நான் வேலை பார்த்த கல்லூரியின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் பிக்ரிக் அமிலக் குப்பி என் பொறுப்பில் இருந்தது. அந்த மஞ்சள் படிகங்கள் எப்போதும் தண்ணீரில் மூழ்கியே இருக்க வேண்டும். காய்ந்துவிட்டால் மூடியைத் திருகும் உரசலே போதும், வெடித்துவிடும்.

எழுபதுகளில் ஒரு புரட்டாசியில் என் கணவர் இறந்தார். கரமனையில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் தீட்டு என்று எட்ட நின்றே துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள். எனக்கு அழுகையும் வரவில்லை. காரியங்கள் முடிந்து கல்லூரிக்குத் திரும்பியபோது சரஸ்வதி பூஜையும் முடிந்திருந்தது. குப்பியின் மேல் சந்தனப் பொட்டு இருந்தது. உள்ளே தண்ணீர் இல்லை.

"பூஜைக்குன்னு எல்லாக் குப்பியையும் தொடச்சு வச்சேன் டீச்சர். இதுல அழுக்குத் தண்ணி கெடந்துது, கொட்டிட்டேன்" என்றார் அட்டெண்டர்.

"யாரும் தொடாதீங்க. எல்லாரும் வெளியே போங்க" என்றேன். என் குரலே யாரோ பேசுவது போல இருந்தது. அறை காலியாயிற்று. நான் குப்பியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நானும் வெளியே போக வேண்டும் என்று தோன்றவேயில்லை.

துறைத் தலைவி திரும்பி ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தார். கணவர் போனபின் என்னை ஒருவர் தொட்டது அதுதான் முதல் தடவை.